அந்தரத்தில் ஆடிய பைக்

பழைய இரும்புக் கிடங்கில் மின்காந்தக் கிரேன் ஓட்டுபவள் செண்பகவல்லி. முதலாளியின் மச்சான் நமச்சிவாயம் ஒருநாள் அதிகாரமாக வந்து நின்றார்.

"இரும்பு ஒட்டுற வரைக்கும்தான் கரண்ட். தூக்கினதும் நிறுத்திடு, பில் எகிறுது. முடியாதுன்னா நாளைக்கு வராதே!"

 கரண்ட் நின்றால் காந்தம் எங்கே போகிறதென்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. இரும்பு விழும், அவ்வளவுதான் தெரியும். நிறுத்தினால் கீழே நிற்பவர்கள் கதி? நிறுத்தாவிட்டால் தன் வேலை? திருதிருவென்று விழித்தவள் கண்ணில் அவருடைய புது பைக் பட்டது. கிரேனைத் திருப்பி அதையே தூக்கினாள்.

"ஏய், என் வண்டி!"

"ஒட்டிடுச்சு சார். கரண்ட்டை நிறுத்திடட்டுமா?"

"ஐயையோ, நிறுத்தாதே!"

"பில் எகிறுமே சார்?"

"எகிறினா எகிறட்டும், தாயே!"