மடைப்பள்ளி வாசலில் ஒரு நேர்காணல்

பொறியியல் முடித்த தணிகைவேல் சாமியின் மடத்தில் தங்கியிருந்தான். காலையில் பாடம் கேட்பான். மற்ற நேரமெல்லாம் கைப்பேசியில் வேலைக்கு விண்ணப்பம் போடுவான். அவன் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன்தான். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஒருவரும் இல்லை.

ஒரு நாள் பாடம் முடிந்தும் அவன் எழுந்திருக்கவில்லை.

"என்ன தணிகை?"

"ஒரு கம்பெனிக்கு விண்ணப்பிக்க இன்னைக்குச் சாயங்காலம்தான் கடைசி, சாமி. போடலாமா விட்டுடலாமான்னு தெரியலை. இதுவரை போட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லலை. ஆள் எடுக்கிறவங்க எதைப் பார்த்துத்தான் எடுக்கிறாங்க?"

சாமி மடைப்பள்ளிப் பக்கம் கையைக் காட்டினார்.

"நாளைக்குக் குருபூசை. நம்ம சமையல்காரர் வீட்டில சாவு. தீட்டு கழியாம மடைப்பள்ளிக்குள்ள வரமாட்டார். மூணு பேரை வரச் சொல்லியிருக்கேன். ஒருத்தரை நீ எடு."

"நானா? எனக்குச் சமையலே தெரியாதே."

"ஆள் எடுக்கிறவனுக்கு எல்லாம் தெரியணும்னு யார் சொன்னது?"

தணிகைவேல் மடைப்பள்ளி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். நாளைக்கு ஊரே சாப்பிட வரும். சோறு குழைந்தால், இந்த ஆளை எடுத்தது யார் என்று கேட்பார்கள். அவனுக்கு வயிற்றைக் கலக்கியது.

முதலில் கல்யாணச் சமையல் பஞ்சநாதம் வந்தார். "நம்ம கைப்பக்குவத்தை நானே சொல்லக்கூடாது, ஊர் சொல்லணும்" என்று தொடங்கி, அவரே சொன்னார். அசோகா, பதிர்பேணி என்ற இனிப்புகள், எந்தச் சம்பந்தி எதை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார் என்பது வரை வந்தார். நாளைய சோற்றுக்கு வரவேயில்லை.

அடுத்து வந்த குமரேசன் கைகட்டி நின்றான். "பெரிய அண்டாவில வடிச்சதில்லைங்க. இங்க சேர்ந்தா நல்லாக் கத்துக்கலாம்னு ஆசை."

"நாளைக்கு வர்ற சனத்தை வச்சா கத்துக்கப் போறீங்க?" தணிகைவேல் நினைப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

மூன்றாவதாக வந்த சொக்கலிங்கம் நேரே உள்ளே போய் அடுப்பைக் குனிந்து பார்த்தார்.

"போன வருசம் சோறு மிஞ்சுச்சா தம்பி, பத்தலையா?"

"கடைசிப் பந்திக்குப் பத்தாம சண்டையாம்."

"அப்ப முதல் பந்தி உட்காரும்போதே அடுத்த உலையை ஏத்திடணும். ஐயனார் கோயில்ல அப்படித்தான் செஞ்சோம், பூசாரியைக் கேட்டுப் பாருங்க. நீங்க போய் உங்க சோலியைப் பாருங்க."

"நீங்களே வந்துடுங்கண்ணே," என்றான் தணிகைவேல்.

மத்தியானம் சாமி கேட்டார். "மூணு பேர்ல யார் நல்லாச் சமைப்பாங்க?"

"தெரியலை சாமி. பஞ்சநாதமாக்கூட இருக்கலாம்."

"பிறகு ஏன் சொக்கலிங்கத்தை எடுத்தே?"

"சொக்கலிங்கம் அண்ணன் பேசினதும் என் வயித்துக் கலக்கம் நின்னுது."

"மத்த ரெண்டு பேருக்கும் என்ன சொன்னே?"

"மறந்துட்டேன் சாமி."

"புளியமரத்தடியில இன்னும் உட்கார்ந்திருக்காங்க."

அவன் ஓடிப்போய்ச் சொன்னான். பஞ்சநாதம், "இதைச் சொல்ல இவ்வளவு நேரமா? ஒரு பஸ்ஸைக் கோட்டை விட்டேன்" என்றார். குமரேசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அவன் தெரு திரும்பும் வரை பார்த்துவிட்டுத் தணிகைவேல் திரும்பி வந்தான்.

"உன் விண்ணப்பத்தைப் படி, கேட்போம்," என்றார் சாமி.

கல்லூரியில் மூத்த மாணவர் ஒருவர் கொடுத்த மாதிரிப் படிவம் அது. வகுப்பில் எல்லோரும் அதில் தங்கள் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

"'சிறந்த நிறுவனத்தில் சவாலான பணியில் சேர்ந்து என் திறமைகளை வளர்த்துக்கொள்ள...'"

பாதியில் நிறுத்தினான். குமரேசன் குரல் காதில் கேட்டது.

"யார் படிப்பாங்கன்னு நினைச்சு இதை எழுதினே?"

"பெரிய அதிகாரி, சாமி. எல்லாம் தெரிஞ்சவர். பார்த்ததுமே என்னை எடை போட்டுடுவார்னு..."

சாமி வெயிலைப் பார்த்தார்.

"சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. வயிறு கலங்கி உட்கார்ந்திருக்கிற ஒருத்தனுக்கு எழுது."