சிவனம்மாளுக்கு யார் இருக்கிறார்கள்?

வருவாய் ஆய்வாளர் தண்டபாணியிடம் கையெழுத்து வாங்குவது குதிரைக் கொம்பு. முதியோர் இல்லத்தில் இருந்த சிவனம்மாளுக்கோ, ஆதரவற்றோர் உதவித்தொகை வந்தால்தான் மூட்டுவலிக்கு மாத்திரை வாங்க முடியும்.

முதலில் தனியாகப் போனாள்.

"ஆதரவு இல்லைன்னு நீ சொன்னா ஆச்சா? சாட்சி கூட்டிட்டு வா" என்று விரட்டினார் தண்டபாணி.

மறுநாள் பக்கத்துக் கட்டில் மரியபுஷ்பத்தை அழைத்துப் போனாள். தண்டபாணி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"கூட வர ஆள் இருக்கு, அப்புறம் எப்படி நீ ஆதரவற்றவ? உனக்கு யாரோ இருக்காங்க. போ, போ!"

அலுவலகமே சிரித்தது. சிவனம்மாளுக்கு அவமானத்தில் கண் கலங்கியது. ஆனாலும் இல்லத்துக்குத் திரும்பாமல் மரியபுஷ்பத்தோடு வாசலிலேயே காத்திருந்தாள். சாயங்காலம் தண்டபாணி வீட்டுக்குக் கிளம்பியபோது, தட்டுத்தடுமாறி அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், இறங்கு! என்ன இது?"

"எனக்கு யாரோ இருக்காங்கன்னு சொன்னீங்களே தம்பி. யோசிச்சுப் பார்த்தேன், உங்களை விட்டா யாரையும் தெரியல. வாங்க, போலாம். ராத்திரிக்கு எனக்குக் கஞ்சி போதும்னு வீட்டுல சொல்லிடுங்க."

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. தண்டபாணிக்கு வேர்த்துக் கொட்டியது.

"எனக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்? உலகத்துல உனக்கு ஒருத்தருமே இல்லைன்னா, அதுக்கு நான் என்ன பண்றது?" என்று கத்தினார்.

"அதையே எழுதிக் கையெழுத்து போடுங்க, இறங்கிடறேன்" என்றாள் சிவனம்மாள்.

கூட்டம் கைதட்டியது. தண்டபாணி ஸ்கூட்டர் ஹெட்லைட் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பேனாவை மூடுவதற்குள் மரியபுஷ்பம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கும் யாரும் இல்ல சார். இப்பவே எழுதறீங்களா, நானும் ஏறட்டுமா?"