குழாயில் இருந்த ஊசி ஓட்டை

ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் பவளமும் நத்தையும் கோமாளி மீனும் நண்டும் குடியிருந்தன. தொட்டி இருந்தது மதுரையில். மதுரைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். மின்விசிறி பழுது பார்க்கும் சோணைமுத்து, தன் வீட்டு முன்னறையில் உப்பைக் கரைத்து ஒரு சின்னக் கடலையே உண்டாக்கி வைத்திருந்தார்.

எல்லாம் அவர் கைவேலைதான். அவர்கள் இருந்த மேல்தொட்டியின் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கும். கீழே இருந்தது குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் டப். அதற்குள் கிடந்த சின்ன மோட்டார், தண்ணீரை வேறொரு குழாய் வழியாக மறுபடி மேலே ஏற்றும். இறங்கும் குழாயின் வாயில் மீன் மாட்டாதபடி கொசுவலைத் துண்டு கட்டியிருந்தது. விளக்கு தொங்கியது ஒரு பழைய மின்விசிறித் தண்டில். பார்ப்பதற்கு ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்தாலும் உள்ளே இருந்தவர்கள் சுகமாகவே இருந்தார்கள்.

நண்டுக்கு மட்டும் எதுவும் பிடிக்கவில்லை. அது புதிதாக வந்தது. சென்னையில் ஒரு பெரிய கடையின் கண்ணாடிப் பெட்டியில் வளர்ந்தது. அந்தப் பெருமையை இறக்கி வைக்க அதற்கு மனம் வரவில்லை.

"இதெல்லாம் ஒரு தொட்டியா? நான் இருந்த கடையில அத்தனையும் வெளிநாட்டுச் சாமான். கரண்டே போகாது. போனா அடுத்த நொடியே ஜெனரேட்டர் ஓடும். இங்க பாருங்க, கொசுவலை! குழந்தை டப்பு!" என்றது.

"கொசுவலையா இருந்தா என்னப்பா, மீன் பிழைச்சுக் கிடக்குதுல்ல" என்றது நத்தை. அது கண்ணாடியில் படர்ந்த பாசியை மேய்ந்துகொண்டே பேசும். மேய்ச்சலை நிறுத்திவிட்டுப் பேசும் அளவுக்கு எந்தப் பேச்சும் முக்கியம் என்று அதற்குத் தோன்றியதில்லை.

நண்டு வாய்நீளமே தவிரக் கெட்டது இல்லை. வந்த அன்றே அதற்கு இடம் கொடுத்தது பவளம். பாறை உச்சியில், விளக்குக்கு நேர் கீழே, விரல் விரலாகக் கிளைவிட்டு நின்ற பவளம் அது. அந்தக் கிளைகளுக்கு நடுவில்தான் நண்டு குடியிருந்தது. பவளத்தைக் கடிக்க வரும் புழுக்களை விரட்டுவது அதன் வேலை. நண்டுக்குப் பவளத்தின் மேல் உயிர். அக்கா என்றுதான் கூப்பிடும்.

ஒருநாள் பவளம் முகம் சுளித்தது.

"தம்பி, அந்த ஏத்துற குழாயில தண்ணி மட்டத்துக்குச் சித்த கீழ ஒரு ஓட்டை இருக்கு பாரு. அதுலருந்து தண்ணி ஊசி மாதிரி வந்து என் உச்சிக் கிளையிலயே குத்துது. அங்கிட்டு வாயைத் திறக்கவே முடியல."

நண்டு எட்டிப் பார்த்தது. ஆமாம், குழாயில் ஆணியைக் காய்ச்சிக் குத்தியது போல் ஒரு ஓட்டை. ஓரங்கூட ஒழுங்காக இல்லை.

"பார்த்தீங்களா அக்கா! ஓட்டைக் குழாயை எங்கேயோ பொறுக்கிட்டு வந்து மாட்டியிருக்கார். காசை மிச்சம் பிடிச்சா இப்படித்தான். நீங்க கவலைப்படாதீங்க, நான் அடைச்சுடறேன்."

அப்போது நத்தை அந்தக் குழாயின் மேல்தான் ஊர்ந்துகொண்டிருந்தது.

"அடைக்கவா போற? எதுக்கும் கொஞ்சம் யோசிச்சுக்கப்பா. நான் இந்த ஓட்டை மேல உட்காரும்போதெல்லாம் அவரு கையை விட்டு என்னை எடுத்துத் தள்ளி வைப்பாரு. கண்ணாடியில எங்க உட்கார்ந்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இங்கிட்டு உட்கார்ந்தா மட்டும் விடமாட்டாரு."

"உங்களைப் பிடிக்காம தள்ளியிருப்பார்" என்றது நண்டு.

"பிடிக்காமலா வாரத்துக்கு ஒரு தடவை கடற்பாசித் துண்டு போடுறாரு?" என்று கேட்டுவிட்டு நத்தை மேயப் போய்விட்டது. அதற்குமேல் வாதாட அதற்கு நேரமில்லை.

நண்டு வேலையில் இறங்கியது. உடைந்த சிப்பி ஓட்டில் ஒரு சில்லை எடுத்தது. பாசியை நூலாகத் திரித்து அதைச் சுற்றியது. ஓட்டையில் வைத்துக் கொடுக்கால் குத்திக் குத்தி இறுக்கியது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அடைப்பு பிரமாதமாக இருந்தது. ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை.

பவளத்தின் உச்சிக் கிளை நிம்மதியாக வாய் திறந்தது. "மகராசனா இருப்பா" என்றது பவளம். நண்டு அன்று முழுவதும் கொடுக்கை ஆட்டிக்கொண்டே திரிந்தது. அடுத்ததாகக் கொசுவலையை என்ன செய்யலாம் என்றுகூட யோசித்தது.

மதுரையில் மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். மாலையில்தான் விடுவார்கள். அந்த நாளும் வந்தது. சோணைமுத்து, மீன் மூச்சுவிடுவதற்காகப் பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய் ஒன்றைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, குடும்பத்தோடு ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவருக்கு ஒரு கவலையும் இல்லை. அந்த ஓட்டை இருக்கிறது என்ற தைரியம்.

மோட்டார் நின்றது. ஏற்றும் குழாயில் இருந்த தண்ணீர் தலைகீழாக இறங்கத் தொடங்கியது. குழாயின் முனையோ தொட்டியின் பாதி ஆழத்துக்கு முங்கிக் கிடந்தது. அது மேல்தொட்டித் தண்ணீரை உறிஞ்சிக் கீழே டப்புக்கு அனுப்பியது.

"பதறாதீங்க, எப்பவும் கொஞ்சம் இறங்கும். அப்புறம் நின்னுடும்" என்றது கோமாளி மீன்.

அன்று நிற்கவில்லை. பவளத்தின் உச்சிக் கிளை தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டது.

"ஐயோ, காத்து படுதே!" என்று பவளம் அலறியது. அதன் உடம்பெல்லாம் கோழை வடிந்தது. பவளத்துக்குக் கால் கிடையாது. நட்ட இடத்திலேயே நின்று காய வேண்டியதுதான்.

கோமாளி மீன் கண்ணாடி ஓரமாகப் போய்க் கீழே பார்த்தது. "டப்பு நிரம்பித் தரையில ஓடுது. இந்த ஓட்டத்துல போனா பாதித் தொட்டி காலி!"

"எப்பவும் எங்கே நிக்கும்?" என்று கேட்டது நண்டு.

"அந்த ஓட்டைகிட்டதான்" என்றது நத்தை. "தண்ணி அது வரைக்கும் இறங்கும். அப்புறம் ஓட்டைக்குள்ள சொர்ருன்னு காத்து போகும். உடனே நின்னுடும்."

நண்டுக்கு அப்போதுதான் புரிந்தது. காற்றுப் புகுந்தால் குழாய் உறிஞ்சுவது நின்றுபோகும். அதற்காகத்தான் அந்த மனுஷன் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டிருக்கிறார். ஒரு காசு செலவில்லாத பூட்டு அது. அதைத்தான் நண்டு அடைத்து வைத்திருந்தது.

அது குழாயில் தொற்றி ஏறியது. தண்ணீருக்கு வெளியே, வெறுங்காற்றில் ஏறியது. அடைப்பைப் பிடித்து இழுத்தது. வரவில்லை. குழாய் அதை உள்பக்கமாக உறிஞ்சிப் பிடித்திருந்தது. பிரமாதமாகச் செய்த வேலை எப்படி எளிதில் வரும்? இதற்குள் பவளத்தின் இன்னும் இரண்டு கிளைகள் வெளியே வந்துவிட்டன.

"தம்பி, எரியுதுப்பா" என்றது பவளம்.

இழுத்தால் வராதது தள்ளினால் போகும் என்று நண்டு கண்டுகொண்டது. கொடுக்கு முனையை ஓட்டையில் வைத்து ஓங்கிக் குத்தியது. அடைப்பு குழாய்க்குள் விழுந்தது. ஆனால் கொடுக்கு மாட்டிக்கொண்டது. இப்போது நண்டே அடைப்பு ஆகிவிட்டது.

நண்டு பவளத்தைப் பார்த்தது. பிறகு கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் பின்னால் எறிந்தது. கொடுக்கு முனை முறிந்து குழாய்க்குள் போனது. நண்டு தண்ணீரில் விழுந்தது. சொர்ரென்று காற்றுப் புகுந்தது. குழாய் ஒருமுறை விக்கி, நின்றுவிட்டது.

இறங்கிய தண்ணீர் இனி மின்சாரம் வந்தால்தான் மேலே ஏறும். அதுவரை அந்த மூன்று கிளைகளும் என்ன ஆகும்? மதுரை வெயில் தெரியும் அல்லவா. மின்விசிறியும் ஓடாத அறை வேறு.

முழுசாக மிஞ்சிய ஒற்றைக் கொடுக்கோடு நண்டு பாறை பாறையாக ஓடியது. ஈரப் பாசியைப் பிய்த்துக்கொண்டு வந்து கிளைகளின் மேல் போர்த்தியது. அது காய்வதற்குள் அடுத்த பாசி. கோமாளி மீன் வாலால் தண்ணீரை அடித்து மேலே தெளித்தது. மேய்ச்சல் தவிர வேறு வேலையே அறியாத நத்தைகூட, ஒரு கிளைமேல் ஏறி ஈர உடம்போடு படுத்துக்கொண்டது. யாரும் யாரையும் திட்டவில்லை. திட்ட நேரமில்லை.

மாலையில் மின்சாரமும் வந்தது, சோணைமுத்துவும் வந்தார். தரையெல்லாம் உப்புத் தண்ணீர். டிரம்மில் கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார். ஓட்டையைத் தொட்டுப் பார்த்தார், திறந்துதான் இருந்தது. டப்புக்குள் கையை விட்டபோது சிப்பிச் சில்லும் பாசித்திரியும் ஒரு கொடுக்கு முனையும் அகப்பட்டன. அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நண்டு வேலையா இது? என் மேலதான் தப்பு. ஒத்த ஓட்டையை நம்பியிருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே ஆணியைக் காய்ச்சி, பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை போட்டார். அதற்கும் செலவு ஒன்றும் இல்லை.

இரண்டு கிளைகள் பிழைத்துக்கொண்டன. உச்சிக் கிளை வெளுத்து, வெறும் சுண்ணாம்பாகிவிட்டது. நண்டு அடுத்த முறை ஓடு கழற்றியபோது முறிந்த கொடுக்கு முனை மறுபடி முளைத்துவிட்டது. வெளுத்த கிளைக்கு உயிர் திரும்பவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க அக்கா" என்றது நண்டு.

"குத்துதுன்னு சொன்னது நான்தானே" என்றது பவளம். "புது ஓட்டைத் தண்ணி இப்ப உன் வாசல்லயே அடிக்குது போலயே. தூங்க விடுதா?"

"விடலைதான். அடிக்கட்டும்" என்றது நண்டு.

பார்க்க மலிவாக இருக்கிறது என்பதற்காக எதையும் பிழை என்று முடிவு கட்டாதே. எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதில் கை வைத்தால், அந்த வினை உன்னை நம்பி இருப்பவர் தலையில்தான் முதலில் விழும்.