குடை பிடித்து வளர்த்த வறட்சி நெல்

பொற்கரை நாட்டு ராஜா மகுடபூபதிக்கு மதியத் தூக்கம்தான் முக்கியம், ராஜ்ஜியமெல்லாம் பிறகு. மூன்று வருஷமாக மழை பொய்த்ததில் குடியானவர்கள் தினமும் அரண்மனை வாசலில் வந்து கத்தினார்கள். தூக்கம் கெட்டது. அப்படித்தான் ஐயா, அந்த நாட்டில் பயிர் ஆராய்ச்சி தொடங்கியது.

பொறுப்பேற்றவர் பண்டிதர் சொக்கேசர். அரண்மனைத் தோட்டத்தில் ஒரு பாத்தி கட்டி, நாலே மாதத்தில் முழ நீளக் கதிரோடு சபைக்கு வந்துவிட்டார்.

"அரசே, இது வறட்சியைத் தாங்கும் நெல்! இனி நாடு முழுக்க இதுதான். குடியானவர்கள் குதிரில் வைத்திருக்கும் பழைய விதைநெல் எதற்கு? இடித்து அவலாக்கிவிடலாம்."

ராஜாவுக்கு அவல் என்றால் உயிர். வெள்ளிக்கிழமைக்குள் விதைநெல் எல்லாம் அரண்மனை உரலுக்கு வர வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள்.

மருதாயி என்ற குடியானவள் சபை விகடன் வேம்பனிடம் ஓடிவந்தாள். "பட்டினி கெடந்தப்பகூட அந்த விதையில கை வைக்கல சாமி. எங்க வானம்பார்த்த பூமியில காஞ்சாலும் சாகாம நிக்கிறது அது ஒண்ணுதான். அதையும் இடிச்சுட்டா நாங்க எதை வெதைக்கிறது?"

வேம்பன் நேரே தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தான். வறட்சி நெல்லுக்கு வெயில் படாமல் நாலு பேர் குடை பிடித்தார்கள். இரண்டு பேர் விசிறினார்கள். ராஜா குளிக்கும் தொட்டியிலிருந்து வேளை தவறாமல் தண்ணீர் பாய்ந்தது. கிளி விரட்டத் தவில்காரர் வேறு!

சபையில் பணிவாகக் கேட்டான். "பண்டிதரே, இது எங்கே போட்டாலும் விளையுமா?"

"நான் வளர்த்தபடி வளர்த்தால் பாறையிலும் விளையும்!"

"அரசே, அதையே ஆணையாக்குங்கள். பண்டிதர் வளர்த்தபடியே, ஒரு குறையும் இல்லாமல்."

"அப்படியே ஆகட்டும். நீயே நிறைவேற்று" என்றார் ராஜா, கொட்டாவியோடு.

மறுநாள் ராஜா குளிக்கப் போனார். தொட்டி காலி. விசிற ஆளில்லை. கூப்பிட்டால் ஏனென்று கேட்க நாதியில்லை. வேம்பன் மட்டும் கையில் குடையோடு நின்றான்.

"எங்கேடா எல்லாரும்?"

"மருதாயி வயலில், அரசே. தங்கள் ஆணை. குடைக்காரர், விசிறிக்காரர், தவில்காரர், தங்கள் குளியல் தண்ணீர், எல்லாம் அங்கே. விதை இன்னும் முளைக்கவில்லை. ஆனாலும் விசிறுகிறார்கள்."

"ஒரு வயலுக்கா இவ்வளவும்?"

"இன்னும் எட்டாயிரம் வயல் பாக்கி. வாசலில் வரிசை நிற்கிறது. அடுத்த வயலுக்கு மந்திரி, சேனாதிபதி, பண்டிதர் மூவரையும் குடையோடு அனுப்பிவிட்டேன். நாலாவது குடைக்குத்தான் ஆளில்லை."

குடையை ராஜாவிடம் நீட்டினான். "வெயில் ஏறுவதற்குள் கிளம்பினால் நல்லது."

ராஜா குடையைப் பார்த்தார், வேம்பனைப் பார்த்தார். தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டார். இரண்டு ஆணைகளும் ரத்தாயின. விதைநெல் குதிரிலேயே தங்கியது. வேம்பனுக்கு ஒரு முத்துமாலை கிடைத்தது.

வெயிலில் கறுத்துத் திரும்பிய பண்டிதரிடம் ராஜா சொன்னார்: "இனி உம் ஆராய்ச்சி மருதாயி வயலில். அவள் விதையும் உம் விதையும் பக்கம் பக்கமாக. இங்கிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வராது."

பண்டிதர் கேட்டார்: "தண்ணீர் வேண்டுமென்றால் யாரைக் கேட்பது?"

வேம்பன் வானத்தைக் காட்டினான்.

"அங்கேதான். மூன்று வருஷமாக எல்லாரும் அங்கேதான் கேட்கிறார்கள். உமக்கு முன்னால் வரிசை கொஞ்சம் நீளம்."