எருமை விழாத கிணறு

குன்றநாடு என்ற தேசத்தை வெகுகாலத்துக்கு முன் அதிரூபராயர் என்ற ராஜா ஆண்டுவந்தார். தேசம் என்பது அவர் மனம் நோகாமல் இருக்கச் சொல்வது. காலையில் குதிரை ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் அடுத்தவன் நாடு வந்துவிடும்.

ராஜாவுக்கு வியர்வை ஆகாது. ஒரு வேர்க்குரு தலைகாட்டினால் போதும், சபையைக் கலைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். ராஜாவே குளிக்கிறாரே என்று பிரபுக்களும் விடாமல் குளித்தார்கள். மாளிகைக்கு ஒரு நீராடுகுளம், குளத்துக்குச் சுற்றிலும் கிணறுகள் என்று தோண்டித் தோண்டித் தலைநகரத்துப் பூமியே காய்ந்துபோனது. ஒரு சித்திரை மாதம், ராஜா தலையில் சீயக்காயை அப்பிய நேரம் பார்த்துத் தண்ணீர் நின்றது.

கண்ணைத் திறக்க முடியாமல் அவர் போட்ட கூச்சலுக்கு முதலில் ஓடிவந்தவர் அனந்தகீர்த்தி. அரண்மனைக் கட்டடங்களுக்கெல்லாம் அதிகாரி. அடுத்தவன் ஒரு யோசனை சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஆகவே வேறு யாரும் வாய் திறப்பதற்குள் சொன்னார்:

“பிரபு, ஊற்றுப்பாளையத்தில் தோண்டினால் தண்ணீர் பீறிடுகிறதாம். அங்கே ஒரு புதுநகரம் எழுப்புவோம். முந்நூறு மாளிகை, மாளிகைக்கொரு நீராடுகுளம்!”

“அந்த ஊர்க்காரர்கள்?”

“இருந்துவிட்டுப் போகட்டும். பெருக்கித் துடைக்க ஆள் வேண்டாமா?”

ராஜா சீயக்காயோடு தலையாட்டினார்.

புதுநகரத்தின் முதல் கிணற்றைப் பூவாத்தாள் தோட்டத்து வேலியோரம் தோண்ட ஆரம்பித்தார்கள். பூவாத்தாள் ஊரறிந்த வாய்க்காரி. அவளிடம் வாய்கொடுத்து முழுசாகத் திரும்பியவர் கிடையாது. அங்கே ஆழம் கூடக் கூட, இங்கே அவள் கிணற்று நீர் கீழே கீழே போனது. வாளிக் கயிற்றோடு இன்னொரு கயிறு முடிய வேண்டி வந்தது. கத்தரிச் செடியெல்லாம் தலை தொங்கி நின்றது.

ஊரைக் கூட்டிக்கொண்டு நேரே சபைக்கே போய்விட்டாள்.

“ஏனுங் சாமி, ஒத்தைக் கிணத்துக்கே எங்க தண்ணி கீழ போயிருச்சுங்க. அத்தனை மாளிகையும் வந்தா நாங்க எதைக் குடிக்கறதுங்க?”

அனந்தகீர்த்தி சிரித்தார். “இதோ பார் அம்மா. உன் கிணறு உன்னுடையது, என் கிணறு என்னுடையது. நடுவில் பாறை. உன் தண்ணீரில் ஒரு சொட்டுகூட என் கிணற்றுக்கு வராது. என் பதவியையே பந்தயம் வைக்கிறேன்!”

பந்தயம் என்றதும் ராஜாவுக்கு வேர்க்குரு மறந்துபோனது. “நானே சாட்சி! நீ தோற்றால் என்ன தருவாய், பெண்ணே?”

“ஊரையே காலி பண்ணிக் குடுத்தர்றமுங்க.”

“அடியே!” என்று பின்னாலிருந்து அவள் புருஷன் மாரப்பன் அலறினான்.

அவள் திரும்பவே இல்லை. “எங்க ஊர்ல ஒரு வழக்கமுங்க. புதுக் கிணறு வெட்டினவரு, பக்கத்துக் கிணத்துக்காரங்க முன்னால முதல் தண்ணி குடிக்கோணும். அப்பத்தான் அது அவரு கிணறுன்னு ஒத்துக்குவோம். பந்தயத்தையும் அன்னைக்கே பாத்துக்கலாமுங்க.”

“அவ்வளவுதானே? செம்பு நிறையக் குடிக்கிறேன்,” என்றார் அனந்தகீர்த்தி.

கிணறு முடிந்த அன்று பந்தல், மேளம், நாதஸ்வரம். ராஜா வெள்ளைப் பட்டில் முன்வரிசையில். அனந்தகீர்த்தி வெள்ளிச் செம்பை உயர்த்தி, இரண்டு கன்னமும் உப்ப ஒரு பெரிய மிடறை வாயில் வாங்கினார்.

அந்த நேரம் பார்த்துப் பூவாத்தாள் புருஷனிடம் கேட்டாள்: “ஏனுங், நம்ம கிணத்துல செத்துக் கிடந்த எருமையத் தூக்கியாச்சுங்களா?”

“எங்க தூக்கறது? கரியான் விழுந்து நாலு நாளாச்சு. ஊறி உப்பிக் கிடக்குறான். தொட்டாத் தோலு கையோட வருது.”

‘புர்ர்ர்’ என்று ஒரு சத்தம். மிடறு மொத்தமும் ராஜாவின் முகத்தில் போய் விழுந்தது. அனந்தகீர்த்தி தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டே கத்தினார்: “அடிப் பாவி! எருமை ஊறின தண்ணீரையா என்னைக் குடிக்க வைத்தாய்?”

“நீங்க குடிச்சது உங்க கிணத்துத் தண்ணிங்க. எருமை எங்க கிணத்துலதானுங்களே கிடக்குது? நடுவுல பாறை இருக்குதுங்களே.”

அனந்தகீர்த்தியின் விரல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. நாதஸ்வரக்காரர் அடக்கிய சிரிப்பு குழல் வழியாகப் ‘பீ’ என்று வெளியே வந்தது.

ராஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு பூவாத்தாளின் கிணற்றை எட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். அப்பால் சேற்றுக் குட்டையில் கரியான் சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தான்.

“என்னிடமே பொய்யா?”

“குடிக்கற தண்ணில யாராச்சும் எருமையப் போடுவாங்களா சாமி? எருமையப் பத்தித்தான் நான் பொய் சொன்னனுங்க. தண்ணியப் பத்தி நெசத்தச் சொன்னது அவருங்க. அதையும் உங்க மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு.”

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். வியர்த்து ஊற்றியது, சட்டை செய்யவில்லை.

“அனந்தகீர்த்தி, உன் பதவி போயிற்று. தோண்டிய மண்ணை நீயே சுமந்து கிணற்றை மூடு. புதுநகரம் கிடையாது.”

“அப்படியானால் எங்கள் குளியல்?” என்று பிரபுக்கள் பதறினார்கள்.

“இனி ஆளுக்கு ஒரு வாளி.” ராஜா கொஞ்சம் யோசித்தார். “எனக்கு இரண்டு.”

போகிற போக்கில் தன் ஜரிகைச் சால்வையைக் கழற்றிக் கரியானுக்குப் போர்த்தினார். கரியான் அதையும் கட்டிக்கொண்டு சேற்றில் புரண்டான்.

மறுநாள் உச்சி வெயில். தலையில் மண்கூடையோடு அனந்தகீர்த்திக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பூவாத்தாள் தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து நீட்டினாள்.

வாங்கினார். குடிக்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகக் குட்டைப் பக்கம் எட்டிப் பார்த்தார். சேற்றுக்குள் ஜரிகை மினுங்கியது, வால் ஆடியது.

அதற்குப் பிறகுதான் குடித்தார்.