கருவி பெயர் கேட்கத் தொடங்கிய கதை

கருவிகள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்தில் ஒரு பதிவுக்கருவி வாழ்ந்தது. அதற்குப் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டினால் போதும். மாணவர்கள் எழுதிய நிரலை வாங்கி, செய்தவர் பெயரைப் போட்டுப் பத்திரமாக வைத்துவிடும்.

ஆனால் யாரிடமும் பெயர் கேட்காது. "பேர் கேட்டா அடுத்து ஊர் கேக்கணும், ஊர் கேட்டா தெரு கேக்கணும். நமக்கு எதுக்கு அந்த வம்பு?" என்று இருந்துவிட்டது. அந்தக் கணினியை முதன்முதலில் அமைத்துக் கொடுத்தவர் ஜெபராஜ் என்ற பழைய மாணவர். யார் எதைக் கொடுத்தாலும் ஜெபராஜ் என்றே எழுதிக்கொண்டது.

பேச்சியம்மாளுக்கு இது தெரியாது. அவள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள்தான். டவுன் பஸ் வரும் நேரம் சொல்லும் மென்பொருள் ஒன்றைத் தோழர்களோடு சேர்ந்து எழுதியிருந்தாள். நேரக் கணக்கு முழுக்க அவளுடையது. பங்களித்தோர் பட்டியலில் பெயர் உள்ளவர்களை நேர்முகத்துக்கு அழைப்பதாகவும், குறிப்பிட்ட ஒரு நாள் மதியம் பட்டியலை எடுத்துக்கொள்வதாகவும் ஒரு கம்பெனி சொல்லியிருந்தது.

அன்று காலை கட்டளை தட்டிப் பட்டியலைப் பார்த்தாள். ஒரே பெயர். ஜெபராஜ்.

"அண்ணாச்சி, என் பேர் எங்கே?" என்று கருவியைக் கேட்டாள்.

"எந்தப் பேரும்மா?"

"ஒரு மாசமா உங்க முன்னாடிதானே உக்காந்து எழுதினேன்!"

"உக்காந்தீங்க, பாத்தேன். பேரைத்தான் சொல்லலை."

"நீங்க கேக்கவே இல்லையே!"

"கேட்டா நல்லாவா இருக்கும்?"

பேச்சியம்மாளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வந்த ஆத்திரத்தில், ஜெபராஜ் என்று இருக்கும் இடமெல்லாம் பேச்சியம்மாள் என்று மாற்றும்படி ஒரு கட்டளை தட்டினாள். எல்லாவற்றையுமா என்றுகூடக் கருவி கேட்கவில்லை. "ஆகட்டும்மா" என்று மாற்றிவிட்டது.

அம்மாவுக்கு அனுப்பத் திரையைப் படம் எடுத்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து சுடலைமுத்து எட்டிப் பார்த்தான். பஸ் போகும் வழிகளை வரைபடமாக்கியவன் அவன்.

"ஏ பேச்சி, மேப்பும் நீதான் போட்டியா? சொல்லவே இல்ல. பஸ்ஸ ஓட்டுறதும் நீதானா?"

அவளுக்கு முகம் எரிந்தது. "அண்ணாச்சி, இவனோடது எது, என்னோடது எதுன்னு பிரிச்சுக் குடுங்க."

"எனக்கு எப்படிம்மா தெரியும்? எல்லாம் ஒரே பேர்லதானே கெடந்துச்சு."

மதியம் நெருங்கிவிட்டது. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பிரிக்க நேரம் இல்லை. அப்படியே விட்டுவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் சுடலைமுத்து இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு போய்விட்டிருந்தது. மாற்றியதை எல்லாம் பழையபடி ஆக்கும் கட்டளையைத் தட்டினாள்.

பட்டியல் ஒற்றைப் பெயரோடு போனது. கம்பெனி ஜெபராஜைத் தேடிப்பிடித்து அழைத்தது. ஓசூரில் நல்ல வேலையில் இருந்த அவர், "எனக்கு எதுக்கு இன்னொரு வேலை?" என்று போனை வைத்துவிட்டார்.

அதைக் கேட்டதும் பேச்சியம்மாள் நேரே கறுப்புத் திரை முன் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, இனிமே வர்றவங்க யாரா இருந்தாலும் மொத வேலையா யாருன்னு கேளுங்க. ஊரு வேண்டாம், தெரு வேண்டாம். பேரு, ஒரு மின்னஞ்சல். அவ்வளவுதான்."

"கோவிச்சுக்குவாங்களேம்மா."

"கோவிக்கட்டும்! சொல்லாதவங்க கிட்ட ஒரு வரிகூட வாங்காதீங்க. உங்க மரியாதையால எனக்குப் போன வேலை போதும்."

கருவி தயங்கித் தயங்கி, "அப்போ... நீங்க யாரும்மா?" என்றது.

அவள் தட்டினாள்: பேச்சியம்மாள்.

இன்றும் எந்தப் புதுக் கணினியிலும் முதன்முதலாக எவர் நிரலைக் கொடுத்தாலும், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், "முதலில் நீ யார் என்று சொல்" என்று கருவி திருப்பித் தள்ளுகிறதே, அது அன்று பிடித்த பிடிவாதம்தான்.