சுருண்ட சரடு

நீரும் மீனும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிச் சுனை ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சரடுகள் வாழ்ந்தன. அவற்றில் நீளமானதற்கு ஒரு குறை. உடம்பெங்கும் எண்ணெய்ப் புள்ளிகள். நீருக்கு எண்ணெய் ஆகாது. ஆனாலும் சரடு ஆசையாய் நீட்டிய கைகளைப் பிடித்துக்கொண்டு, துளிகள் அதைச் சுற்றி வரிசையாக நின்று அந்தப் புள்ளிகளை மறைத்தன. சரடும் காலை நீட்டிக் கிடந்தது. சுனை தெளிந்திருந்தது.

அந்தத் தெளிவை நம்பித்தான் விரால் அங்கே குஞ்சு பொரித்தது.

"தம்பி, கொக்கு நிழல் விழுந்தா எனக்குத் தெரியணும். தண்ணியக் கலங்க விட்டுடாதே."

"நான் இருக்கேன்க்கா," என்றது சரடு.

கோடை வந்தது. ஒரு நண்பகலில் சுனை வெதுவெதுப்பானது. சூடு ஏறினால் நீருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது.

"அண்ணே, எத்தனை நேரம் இப்படி வரிசையில நிக்கிறது? கொஞ்சம் ஆடிட்டு வர்றோமே," என்றது ஒரு துடுக்குத் துளி.

"நீங்க போனா என் புள்ளியெல்லாம் தெரியுமே!"

"தெரிஞ்சா என்ன? உன்னைப் பொண்ணு வீட்டுக்காரங்களா பாக்க வர்றாங்க?"

துளிகள் எல்லாம் சிரித்தன. பிறகு அந்தத் துளியே, "சரி, கோவிக்காதே. பாதிப் பேர் போறோம், பாதிப் பேர் நிக்கிறோம்," என்றது.

அதற்குச் சரடு சம்மதித்திருக்கலாம்.

"ஒருத்தரும் வேண்டாம், போங்க!" என்று எல்லாக் கைகளையும் உதறியது. புள்ளிகளை உள்ளே மடக்கிக்கொண்டு சுருண்டது. அதைப் பார்த்து மற்றச் சரடுகளும் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சுனை பால்போல் வெளுத்துவிட்டது.

"தம்பி! ஒண்ணும் தெரியலையே! தம்பி!"

விராலின் குரல் சரட்டுக்கு நன்றாகவே கேட்டது. ஒருமுறை கொஞ்சம் விரிந்தால் போதும் என்றும் தெரிந்தது. ஆனால் விரிந்தால் புள்ளிகள் தெரியுமே. கொக்கின் அலகு நீரைக் கிழித்து இறங்கும் சத்தமும் கேட்டது. அப்போதும் அது சுருண்டே கிடந்தது.

மாலையில் சுனை குளிர்ந்தது. யாரும் கூப்பிடாமலே துளிகள் திரும்பி வந்து கை நீட்டின.

"கோவம் போதும், வா அண்ணே."

சரடு உடனே கை கொடுக்கவில்லை. தான் விரிந்தால் சுனை தெளியும். தெளிந்தால் அங்கே இருப்பதைப் பார்த்தாக வேண்டும். இன்னும் கொஞ்சம் குளிர்ந்த பிறகுதான் மெல்ல விரிந்தது.

குஞ்சுகள் இருந்த இடத்தை விரால் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்தச் சரட்டின் வம்சத்தை இப்போது ஆய்வுக்கூடத்தில் வெப்பம் உணரும் பாலிமர் என்கிறார்கள். குளிர்ந்த நீரில் அதைக் கரைத்து, குப்பியை உள்ளங்கையில் சற்று நேரம் பொத்திப் பிடித்தால் வெளுத்துவிடும், ஆறவிட்டால் தெளியும். ஆனால் எந்தச் சூட்டில் சுருண்டதோ அதே சூட்டில் விரிவதில்லை. இன்னும் கொஞ்சம் குளிரட்டும் என்று அது தயங்கி நிற்பது அன்றைய மாலையிலிருந்துதான்.